21 இலக்கத்தை உடைத்த கதை

147573952589676412927.

நம் கணக்கில் இது பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் கோடி கோடிக்குச் சற்று அதிகம். இரண்டை 67 முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். கணிதக்காரர்கள் 2⁶⁷ − 1 என்று சுருக்கமாக எழுதுவார்கள். இது பகா எண், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாது என்று 1644-இல் பாரிஸ் துறவி ஒருவர் தம் புத்தகத்தில் அச்சிட்டார். அது தவறு, இந்த எண் உடையும் என்று 1876-இல் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் காட்டினார். உடைத்தால் எந்த எண்களாக உடையும் என்பது தெரிய 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு எண் உடையும் என்று அறிந்த பிறகும் அதன் துண்டுகளைக் கண்ணால் பார்க்க 27 ஆண்டுகள் ஆனது ஏன்? பள்ளிக்கூடக் கணக்கில் இப்படி ஒரு நிலையே வராது. 91 பகா எண் அல்ல என்று நாம் சொல்வதே 7 × 13 என்று கண்டுபிடித்த பிறகுதான். பெரிய எண்களின் உலகில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு வித்தைகள். அந்த வித்தியாசம் பிடிபட்ட கதைதான் இந்த எண்ணின் கதை.

ஆரம்பம் கிரேக்கர்களிடம் இருக்கிறது. 6-ஐ மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. அதேபோல 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இப்படி அமையும் எண்களை முழுமை எண்கள் என்று கிரேக்கர்கள் கொண்டாடினார்கள். அவற்றைத் தயாரிக்கும் வழி யூக்ளிடின் ஒன்பதாம் புத்தகத்தில், கடைசித் தேற்றமாக இருக்கிறது. இரண்டின் ஏதாவது ஒரு அடுக்கிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வந்தது பகா எண்ணாக இருந்தால், அதை முந்தைய அடுக்கால் பெருக்குங்கள். 8-இலிருந்து ஒன்று போக 7, அதை 4-ஆல் பெருக்க 28. 128-இலிருந்து ஒன்று போக 127, அதை 64-ஆல் பெருக்க 8128. ஆக, முழுமை எண் வேண்டுமென்றால் 2ⁿ − 1 என்ற வடிவில் பகா எண்களைத் தேட வேண்டும். அந்தத் தேடல் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை.

அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் விடையும் பகா எண்ணாகாது. இதை எளிதில் நிறுவிவிடலாம். ஆனால் அடுக்கு பகா எண் என்பதற்காக விடையும் அப்படியே இருக்கும் என்று நம்பினால் ஏமாந்து போவோம். 2¹¹ − 1, அதாவது 2047, பார்வைக்கு உடையாத எண் போலத் தெரியும். அது 23 × 89.

இத்தாலியின் பொலோனாவில் பியெத்ரோ கட்டால்டி என்பவர் 1603-இல் வெளியிட்ட நூலில் 2¹⁹ − 1, அதாவது 524287, பகா எண் என்று நிறுவினார். அவர் கையாண்டது நேர்வழி. அந்த எண்ணின் வர்க்கமூலம் 724 சொச்சம். அதற்குக் கீழே 128 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து எதிலும் மீதி பூஜ்யம் வரவில்லையென்றால் வேலை முடிந்தது. இதற்காகவே 750 வரை பகா எண்களின் பட்டியலையும் தயாரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். நான்கில் 31 மட்டுமே சரி.

அந்தத் தவறுகளில் இரண்டைப் பிடித்தவர் ஃபெர்மா. துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர். 1640-இல் அவர் கண்ட ஒரு விதி இந்தக் கைவேலையின் அடித்தளமே ஆயிற்று: அடுக்கு p என்ற ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2ᵖ − 1 என்ற எண்ணின் எந்தக் காரணியும் p-இன் இரட்டிப்பு மடங்கைவிட ஒன்று அதிகமாகவே இருக்கும். 37-ஐ எடுத்துக்கொண்டால் 74-இன் மடங்கோடு ஒன்று. முதலில் 75, அது பகா எண் அல்ல, விடுங்கள். அடுத்து 149, வகுத்தால் மீதி வருகிறது. அடுத்து 223, மீதி இல்லாமல் வகுக்கிறது. பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இரண்டே வகுத்தலில் உடைந்தது. 23-க்கு இவ்வளவுகூட வேண்டாம். முதலில் எதிர்ப்படும் 47-ஏ போதும்.

இனி அந்தத் துறவி. பெயர் மரின் மெர்சென், மினிம் சபையைச் சேர்ந்தவர். பாரிஸில் அவருடைய மடத்து அறை ஐரோப்பிய அறிவுலகத்தின் தபால் நிலையமாகவே இயங்கியது. தெக்கார்த், ஃபெர்மா, டோரிசெல்லி என்று பலருடைய கடிதங்களும் அங்கே வந்து, அங்கிருந்து மற்றவர்களுக்குப் போயின. 1644-இல் வந்த தம் நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் கொடுத்தார்: 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருக்கவும் முடியாது. 15, 20 இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று சொல்ல எத்தனை காலமும் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். 257-ஆம் அடுக்கு தருவதோ 78 இலக்கம்!

அந்தப் பட்டியலில் ஐந்து பிழைகள். 67, 257 இரண்டும் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை. 61 என்று எழுதியதுதான் 67 என்று அச்சாகிவிட்டது என்று பிற்காலத்தில் மெர்சென்னுக்காக வாதாடியவர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் மிச்சம் மூன்று பிழைகளுக்கு அச்சுக்கோத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சரியான விடைகளைவிடத் துணிச்சலான தவறு சில சமயம் அதிகப் பேரை வேலை வாங்கும்.

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் 31-ஐ முடித்து வைத்தார். 2³¹ − 1, அதாவது 2147483647. ஃபெர்மாவின் விதியோடு, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் என்ற இன்னொரு விதியையும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்ததும், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. எதுவும் வகுக்கவில்லை. 1772-இல் வெளிவந்த இந்த விடை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. இதிலிருந்து கிடைக்கும் முழுமை எண்ணைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பயனில்லாத இந்த வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்ற கருத்தில் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதி வைத்தார்.

மெனக்கெட்டார்கள். இந்த வேலைக்கு வந்தவர்களின் பட்டியலே சுவாரஸ்யமானது. யூரல் மலைப் பக்கத்தில் கிராமத் தேவாலயப் பாதிரியாராக இருந்த இவான் பெர்வுஷின் 1883-இல் 61-ஆம் அடுக்கு பகா எண் தரும் என்று காட்டினார். அமெரிக்காவின் கொலராடோவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆர். இ. பவர்ஸ் 1911-இல் 89-ஐயும் 1914-இல் 107-ஐயும் முடித்தார். ஃபிரான்ஸின் ஃபோர்த்துனே லாந்ரி தமது 82-ஆம் வயதில், 1880-இல், 2⁶⁴ + 1 என்ற இருபது இலக்க எண்ணை 274177 × 67280421310721 என்று உடைத்தார்.

லாந்ரியைப் பற்றி இன்னொரு சம்பவமும் உண்டு. 1869-இல் அவர் 2⁵⁸ + 1 என்ற எண்ணை 5 × 107367629 × 536903681 என்று உடைத்தார். தாம் உடைத்த எண்களில் இந்த அளவுக்கு உயிரை வாங்கியது வேறொன்றும் இல்லை என்று சலித்துக்கொண்டார். சில ஆண்டுகளில் ஒரிஃபேய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அந்த விடையை உற்றுப் பார்த்தார். முதல் இரண்டையும் பெருக்கினால் 536838145. மூன்றாவது 536903681. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பானேன்? 2²⁹ + 1 என்பதை வர்க்கப்படுத்தினால் 2⁵⁸ + 2³⁰ + 1 வரும். அதில் 2³⁰-ஐக் கழித்தால் மிஞ்சுவது 2⁵⁸ + 1. அந்த 2³⁰ என்பது 2¹⁵-இன் வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால், a² − b² = (a + b)(a − b) என்று ஒன்பதாம் வகுப்பில் நாமெல்லாம் ஒப்பித்ததுதான்! லாந்ரி அவ்வளவு மல்லுக்கட்டிய எண் இரண்டு வரியில் உடைந்துவிட்டது. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

மெர்சென்னின் 67-க்குத் தீர்ப்பு எழுதிய எதுவார் லூகாஸ் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். 1870-இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரி. பிறகு பாரிஸ் பள்ளிகளில் கணித ஆசிரியர். மூன்று கம்பங்களுக்கு இடையே வட்டுகளை மாற்றும் ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டை 1883-இல் புனைபெயரில் விற்பனைக்கு விட்டவரும் அவரே. காசிக் கோயில் ஒன்றில் 64 தங்கத் தட்டுகளை அர்ச்சகர்கள் மாற்றிக்கொண்டே இருப்பதாகவும், முடியும்போது உலகம் அழியும் என்றும் அந்தப் பொம்மையோடு ஒரு கட்டுக்கதை உலவியது. மாற்ற வேண்டிய தடவைகள் 2⁶⁴ − 1. காசியில் யாரும் கேள்விப்படாத காசிக் கதை அது.

லூகாஸின் பெரிய சாதனை, எண்ணை வகுக்காமலே அது பகா எண்ணா என்று கண்டறியும் சோதனை. பின்னாளில் டி. எச். லேமர் 1930-இல் செப்பனிட்ட வடிவத்தில் அதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே மறுபடி வர்க்கப்படுத்துங்கள். அடுக்கில் இரண்டைக் குறைத்தால் எத்தனையோ அத்தனை தடவை இப்படிச் செய்து, கடைசியில் மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். 2⁷ − 1 என்ற 127-க்கு ஐந்து தடவை. 4-இலிருந்து 14, அதிலிருந்து 194, மீதி 67, அதிலிருந்து 4487, மீதி 42, அதிலிருந்து 1762, மீதி 111, அதிலிருந்து 12319. இது சரியாக 127 × 97. மீதி பூஜ்யம். ஆக 127 பகா எண்.

தம்முடைய சோதனையால் லூகாஸ் 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 39 இலக்கம். இயந்திரம் எதுவும் இல்லாமல் கையால் நிறுவப்பட்ட பகா எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது. 1951 வரை, 75 ஆண்டுகள், உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் என்ற இடமும் அதற்கே இருந்தது. அதே 1876-இல் அதே வழியில் 67-ஐயும் சோதித்தார். பூஜ்யம் வரவில்லை. அதாவது எண் உடையும். எங்கே உடையும் என்று சோதனை சொல்லாது. கடைசியில் நிற்கும் அந்த மீதியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் காரணியைப் பற்றி ஒரு துப்பும் கிடைக்காது. குற்றம் நடந்தது உறுதி, குற்றவாளி யார் என்று தெரியவில்லை என்ற நிலை. லூகாஸ் 1891-இல் இறந்தார். ஒரு விருந்தில் தட்டு விழுந்து உடைந்து, தெறித்த சில்லு கன்னத்தைக் கிழிக்க, காயத்தில் நோய்த்தொற்று ஏறி உயிரையே வாங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 49.

இதற்கிடையே இங்கிலாந்தில் பொருளாதார அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1874-இல் ஒரு சவால் விட்டிருந்தார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8616460799 வரும் என்று கேட்டுவிட்டு, தம்மைத் தவிர யாருக்கும் அது தெரியவரப் போவதில்லை என்ற பொருளில் எழுதினார். பெருக்குவது சுலபம், திரும்பப் பிரிப்பது மகா கடினம் என்பதைக் காட்ட அவர் தந்த உதாரணம் அது. கருத்து அருமை. எண்ணைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டார்.

ஃபெர்மா 1643-லேயே ஒரு கடிதத்தில் சொன்ன வழியில் போவோம். எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் அது உடைந்துவிடும். ஜெவன்ஸின் எண்ணுக்கு வர்க்கமூலம் 92824 சொச்சம். அடுத்த முழு எண் 92825. அதன் வர்க்கத்திலிருந்து ஜெவன்ஸின் எண்ணைக் கழித்தால் 19826. இது வர்க்க எண்ணா? இல்லை. அடுத்து 92826, கழித்தால் 205477. 7-இல் முடியும் எண் வர்க்கமாக இருக்கவே முடியாது, தள்ளுங்கள். இப்படியே போனால் 56-ஆவது படியில் 92880 வரும். கழித்தால் 10233601. இது 3199-இன் வர்க்கம். கூட்டியும் கழித்தும் 96079, 89681. முடிந்தது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக ஒரே ஒரு கூட்டல் போதும் என்பதால், பொறுமையுள்ள பள்ளி மாணவன் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுவான். ஜெவன்ஸ் இரண்டு காரணிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்ததுதான் வினை.

நம் 21 இலக்க எண் அப்படிப்பட்டதல்ல. இதே வழியில் போனால் 36 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வாசிப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எல்லோரும் அறிந்தவர்தான், கழகத்தின் செயலாளரே அவர். எழுந்து கரும்பலகைக்குப் போனார். வாய் திறக்கவில்லை. இரண்டின் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்து விடையை எழுதினார். பிறகு பலகையின் காலி இடத்துக்கு நகர்ந்து 193707721, 761838257287 என்ற இரண்டு எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கத் தொடங்கினார். விடை வந்தது. இரண்டு விடைகளும் ஒன்றே. அரங்கம் கைதட்டியது. கோல் ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியை உலகம் முழுக்கப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல். கணித வரலாற்றைக் கதையாகச் சொல்வதில் மன்னர். கொஞ்சம் உப்புக் காரம் கூட்டுவார் என்ற பேரும் உண்டு. 1903-இல் அவர் அந்த அரங்கிலேயே இல்லை; அமெரிக்காவின் மேற்குக் கோடியில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர். பின்னாளில் கொலம்பியாவில் ஆராய்ச்சி செய்தபோது கோலை அறிந்தார். இந்த எண்ணை உடைக்க எத்தனை காலம் பிடித்தது என்று 1911-இல் தாம் கேட்டதாகவும், மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் பதில் சொன்னதாகவும் பெல் எழுதியிருக்கிறார். கோல் உண்மையிலேயே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா என்பதை பெல்லின் வார்த்தையை நம்பித்தான் ஏற்க வேண்டும். ஆனால் கணக்குக்கு யார் சாட்சியும் தேவையில்லை.

கரும்பலகையில் நடந்த அந்தப் பெருக்கலைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 193707721-ஐக் கீழே வைத்துப் பெருக்கினால், பூஜ்யத்தை விட்டு எட்டு வரிகள் எழுத வேண்டும். எட்டும் வேறு வேறு அல்ல. 7 மூன்று முறை வருகிறது. 761838257287-ஐ ஒரு தடவை ஏழால் பெருக்கி 5332867801009 என்று எழுதிவிட்டால், மற்ற இரண்டு இடத்திலும் நகர்த்தி எழுதிக்கொள்ளலாம். 1 இரண்டு முறை; அதற்குப் பெருக்கலே தேவையில்லை. மிச்சம் 2, 3, 9. ஆக உண்மையில் நான்கே பெருக்கல், ஒரு நீண்ட கூட்டல். சரிபார்க்கப் பழைய ஒன்பது சோதனையும் இருக்கிறது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மேலும் கூட்ட 10, மேலும் கூட்ட 1. இரண்டாவது எண்ணில் 64, அதுவும் 1-இல் முடியும். விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 109, அதுவும் 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பென்சில் எடுக்காமலே இதைப் பார்த்திருப்பார்கள்.

கண்டுபிடித்தது எப்படி என்பதுதான் கடினமான பகுதி. ஃபெர்மா விதிப்படி காரணி 134-இன் மடங்கோடு ஒன்று. 193707721 என்பது 134-ஐ 1445580-ஆல் பெருக்கி ஒன்று கூட்டியது. எட்டால் வகுக்கும் ஆய்லரின் விதி பாதியைத் தள்ளிவிடும். அப்போதும் மிச்சம் 7,22,790 எண்கள். 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளைக் கழித்தாலும் மூன்று லட்சத்துக்குக் குறையாது. மூன்று ஆண்டில் 156 ஞாயிறு. 21 இலக்க எண்ணை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் இரண்டாயிரம் வகுத்தல்! எந்த மனிதராலும் ஆகாது.

எனவே கோல் வகுத்துப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. 1903 டிசம்பரில் கழகத்தின் இதழில் வந்த அவருடைய நான்கு பக்கக் கட்டுரை வழியைச் சொல்கிறது. ஒரு வர்க்க எண்ணை நம் எண்ணால் வகுக்கும்போது சிறிய மீதி வருகிற இடங்களைத் தேடிப் பிடித்தார். அப்படிக் கிடைத்த ஒவ்வொரு மீதியும் காரணிக்கு ஒரு நிபந்தனை போடும். ஒவ்வொரு நிபந்தனையும் மிச்சமுள்ள எண்களில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளும். பத்து நிபந்தனை சேர்ந்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் தேறும். லட்சங்கள் நூறுகளாகச் சுருங்கும். ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தது அந்த மீதிகளைத் தேடுவதில்தான்.

இதன் பிறகு மனிதக் கை மெல்ல விலகியது. பிரெஞ்சு ராணுவ அதிகாரி யூஜேன் கரிசான் 1919-இல் 14 பித்தளை வளையங்கள் கொண்ட ஒரு இயந்திரம் செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் நிபந்தனைகளுக்கு ஒத்துவராத எண்களை அது தானாகவே கழித்துவிடும். அமெரிக்காவில் டி. எச். லேமர் 1926-இல் சைக்கிள் சங்கிலிகளைக் கொண்டே அப்படி ஒன்றைக் கட்டினார். மெர்சென்னின் பட்டியலில் இருந்த 257-ஐயும் அவர்தான் ஒரு வழியாக்கினார். 1920-களின் இறுதியில் மேசைக் கணக்கு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்து, அது பகா எண் அல்ல என்று காட்டினார். பட்டியல் முழுவதும் சரிபார்த்து முடிந்தது 1947-இல். மெர்சென் எழுதி 303 ஆண்டுகள்.

1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் என்ற கணினி இந்த வேலையில் இறங்கியது. நிரல் எழுதிய ரஃபேல் ராபின்சன் அந்த இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை; கையேட்டைப் படித்தே எழுதி அனுப்பியிருந்தார். நிரல் முதல் முறையே ஓடியது. லேமர் நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்த 257-ஐ ஒரு நிமிடத்துக்குள் முடித்தது. அன்றே 521, 607 ஆகிய இரண்டு அடுக்குகளுக்குப் பகா எண்கள் கிடைத்தன. ஆனால் 257-ஆம் அடுக்கு தரும் எண் எந்தெந்தத் துண்டுகளாக உடையும் என்ற கேள்விக்கு அந்தக் கணினியிடமும் பதில் இல்லை. அதன் முதல் காரணி வெளிப்பட்டது 1970-களின் இறுதியில். உடையும் என்று தெரிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் இந்த இடைவெளியையே பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊருக்கே அறிவித்துவிடலாம். பிரித்துச் சொல்ல முடிந்தவரால் மட்டுமே ரகசியத்தைப் படிக்க முடியும். ஜெவன்ஸ் சொன்ன அதே விஷயம், இந்தத் தடவை எண்களைப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் அவர்கள் தந்த 129 இலக்க எண்ணை வெளியிட்டார். உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு. 1994 ஏப்ரலில் உடைந்தது; சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் எட்டு மாதம் சேர்ந்து உழைத்தன. அவர்கள் பயன்படுத்திய முறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஃபெர்மாவின் இரண்டு வர்க்கங்களும், கோல் தேடியது போன்ற சிறிய மீதிகளும் இருக்கும்.

இன்று இணையத்தில் பணம் அனுப்பும்போது காவல் நிற்கும் எண்களில் பல 617 இலக்கங்கள் கொண்டவை. கோலின் எண்ணையோ கைப்பேசிகூடக் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும்.

உடையுமா என்ற கேள்வி மட்டும் நாளுக்கு நாள் எளிதாகிக்கொண்டே வந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், எந்த எண்ணாக இருந்தாலும் பகா எண்ணா இல்லையா என்று நியாயமான நேரத்தில் ஐயமற முடிவு செய்யும் வழியைக் கண்டார்கள். உலகமே வியந்த கண்டுபிடிப்பு அது. வங்கிப் பூட்டுகளுக்கு அதனால் ஒரு கீறலும் விழவில்லை. லூகாஸின் சோதனை போலவே அதுவும் உடையும் என்று மட்டுமே சொல்லும். 2024 அக்டோபரில் 136279841-ஆம் அடுக்கு பகா எண் தரும் என்று உறுதியானது. இதுவரை கிடைத்த மெர்சென் பகா எண்களில் 52-ஆவது. 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கம். அந்த உயரத்துக்கு ஏறிவிட்ட நாம் இன்னமும் 1277-ஆம் அடுக்கில் திணறிக்கொண்டிருக்கிறோம். 2¹²⁷⁷ − 1 வெறும் 385 இலக்க எண். அது உடையும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஒரு காரணிகூட இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. முயற்சி செய்ய விரும்புவோருக்கு ஃபெர்மாவும் ஆய்லரும் தரும் துப்பு இரண்டுதான்: காரணி 2554-இன் ஏதாவது ஒரு மடங்கைவிட ஒன்று அதிகம், எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7.